தளபதியின் மூக்கு விவகாரம்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டியவன், மகள் குட்டியைப் பெற்றவன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம் என்று எழுத வேண்டிய இடம் இது. எழுதிவிட்டேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். அங்கே நீங்களும் அக்காவும் நலமாகத்தான் இருப்பீர்கள், கடிதத்தின் பாதி வரையிலாவது அப்படியே இருங்கள். உட்கார்ந்து படிக்கவும். கைப்பிடி வைத்த நாற்காலியாக இருந்தால் நல்லது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நீங்கள் "நான் சொல்றதை முதல்ல கேளுங்க மாப்பிள்ளை" என்று ஆரம்பித்தால் நான் கேட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் என்ன சொல்லக் கூப்பிட்டேன் என்பதை மறந்து, "சரிங்க மச்சான்" என்று வைத்துவிடுகிறேன். கடிதத்தில் அந்த ஆபத்து இல்லை. இங்கே நான் மட்டும்தான் பேசுவேன். என் கல்யாண வாழ்க்கையில் இது அபூர்வமான வசதி.

குட்டியைக் கேட்டு வந்திருக்கும் வீட்டாரை ஞாயிற்றுக்கிழமை சதுக்கத்துக்கு அழைத்துப்போய்த் தளபதியைக் காட்ட வேண்டும் என்பது உங்கள் உத்தரவு. அது உங்கள் வீட்டுச் சட்டம் என்றே சொல்லலாம். உங்கள் குடும்பத்தில் சம்பந்தம் செய்ய வருகிறவர்கள் முதலில் சதுக்கத்துக்குப் போக வேண்டும், குதிரை மேல் வாளோடு உட்கார்ந்திருக்கும் தளபதியை அண்ணாந்து பார்க்க வேண்டும், அவருக்கு நேர் கீழே உங்கள் வீட்டார் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி நிற்பார், வந்தவர்கள் மேலேயும் கீழேயும் மாறி மாறிப் பார்த்து "ஆஹா, அதே மூக்கு" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் டீ. போருக்குப் போய்த் திரும்பாத உங்கள் தாத்தாதான் அந்தத் தளபதி என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? நானும் அப்படிச் சொல்லித்தான் உங்கள் தங்கையைக் கட்டினேன். அன்றைக்கு வெயில் கண்ணில் அடித்தது, எனக்கு எந்த மூக்கும் தெரியவில்லை, டீயை நினைத்து "ஆஹா" என்றேன். ஆனால் நீங்கள் உங்கள் அப்பாவின் காதில் "மாப்பிள்ளைக்கு மூக்கு பொத்தான் தைச்ச மாதிரி இருக்கேப்பா" என்று சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. அன்று முதல் உங்கள் வீட்டில் நான் பொத்தான் மாப்பிள்ளை. குட்டி பிறந்தபோது தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, மூக்குதான் பாவம் அவங்க அப்பா பக்கம் போயிடுச்சு" என்று நீங்கள் பெருமூச்சு விட்டதையும் நான் மறக்கவில்லை. குட்டியும் மறக்கவில்லை.

கிளம்பும்போதே குட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் நீங்க ஜோக் அடிக்காதீங்கப்பா. அவங்க அம்மா இன்னும் வாயைத் திறந்து சரின்னு சொல்லலை. குடும்பத்தை நேர்ல பார்த்துட்டுத்தான் சொல்வாங்களாம்" என்றாள். அவளும் அந்தப் பையனும் ஒரே அச்சகத்தில் எதிரெதிர் மேசையில் வேலை பார்க்கிறவர்கள், கட்டினால் ஒருவரை ஒருவர்தான் என்று இருக்கிறவர்கள், உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே வாயைத் தைத்துக்கொள்வதாகச் சத்தியம் செய்துவிட்டுத்தான் வண்டி ஏறினேன். பையனின் அப்பா கால்நடை மருத்துவர். யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைப் பார்க்கிறார், பிறகு கண்ணின் கீழிமையைப் பார்க்கிறார், மற்றபடி தங்கமான மனிதர். அவரைச் சம்பந்தி என்றே எழுதுகிறேன், வாய் முகூர்த்தம் பலிக்கட்டும். சம்பந்தியம்மா அளந்து பேசுகிறவர், உறவு முறைகளில் ரொம்பக் கறார். அவருக்கும் என்னைப் போலவே சின்ன மூக்கு என்பதால் எனக்கு ஆரம்பத்திலிருந்தே அவர் மேல் ஓர் அனுதாபம்.

உங்கள் தங்கை வழிநெடுக மூக்குப் புராணம் படித்துக்கொண்டே வந்தாள். "உயரம் மாறலாங்க, நிறம் மாறலாங்க, எங்க வீட்டு மூக்கு மட்டும் மாறவே மாறாது. எந்த மூலையில அந்த மூக்கைப் பார்த்தாலும் அது எங்க ரத்தம்னு எங்க அண்ணன் அடிச்சுச் சொல்வாரு." இந்த வசனத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள் மச்சான். இதுதான் பிற்பாடு எங்கள் கழுத்தைப் பிடித்தது.

சதுக்கத்தில் போய் இறங்கினால் தளபதியைக் காணோம். அவர் இருந்த இடத்தில் சாரம் கட்டி, பச்சை வலை போர்த்தி, ஏதோ சர்க்கஸ் கூடாரம் மாதிரி நின்றது. வலைக்கு வெளியே குதிரையின் வால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மற்றபடி அதே சதுக்கம்தான். கால் பட்டுப் பட்டு வழுவழுத்த கல் தளம், சுற்றிலும் வளைவு வைத்த பழைய கட்டடங்கள், யாரும் நம்பி நேரம் பார்க்காத மணிக்கூண்டு, மூலையில் டீக்கடை, தளபதிக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலையே இல்லாத புறாக்கள். சிலையைக் கழுவிச் சுத்தம் செய்கிறார்களாம். பீடத்தை முடித்துவிட்டார்களாம், இனிமேல்தான் மேலே போவார்களாம். சம்பந்தி கழுவிய பீடத்தைப் பார்த்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கல்வெட்டைச் சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பித்தார். "ஆற்றுப் பாலத்தை ஒற்றை ஆளாய்க் காத்து நின்று..." அதற்கு அடுத்த வரி அவர் கண்ணில் படுவதற்கு ஒரு நொடி முன்னால் என் கண்ணில் பட்டது. "மணமாகாமலே மறைந்து, நாட்டையே தன் வீடாக்கிய தளபதி" என்று பொறித்திருக்கிறார்கள் மச்சான்! மணமாகாமலே! உங்கள் வீட்டு ஆல்பத்தில் உள்ள சதுக்கப் படங்களை ஒவ்வொன்றாக மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் உங்கள் அப்பா மிகச் சரியாக அந்த வரிக்கு முன்னால் நிற்கிறார். அவருக்குப் பிறகு நீங்கள் நிற்கிறீர்கள். இத்தனை வருஷமாக அதைத் தற்செயல் என்று நினைத்துக்கொண்டிருந்த அப்பாவி நான்! யோசிக்க நேரமில்லை. ஒரே தாவாகத் தாவிப் பீடத்தில் முதுகைச் சாய்த்து உடம்பை விரித்துக்கொண்டு நின்றேன். வரி முழுசும் மறைந்தது, இரண்டு பக்கமும் நான் கொஞ்சம் மிச்சமும் இருந்தேன். "என்ன சார், திடீர்னு?" என்று பதறிப்போய்ச் சம்பந்தி என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "லேசா மூச்சு முட்டுதுங்க, நீங்க குதிரையைப் பாருங்க" என்றேன். சொன்னதுதான் தாமதம், குதிரை என்ற சொல் காதில் விழுந்ததும் மனிதர் கல்வெட்டை மறந்து வலைக்குள் தலையை விட்டுவிட்டார். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்து, "சார், இது பெண் குதிரை" என்றார். "அப்படிங்களா?" "அதுவும் நிறைமாசம். வயிறு எறங்கியாச்சு. இது சண்டைக்குப் போற குதிரை இல்லீங்க, பிரசவத்துக்குப் போற குதிரை." உங்கள் தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள், குதிரையின் நிலைமைக்கு நான்தான் காரணம் என்பது போல.

இங்கேயே "சரி, வாங்க டீ சாப்பிடலாம்" என்று நான் கிளப்பிக்கொண்டு போயிருந்தால் இந்தக் கடிதமே கிடையாது. ஆனால் உங்கள் தங்கை என் முழங்கையைக் கிள்ளி, "மூக்கைக் காட்டாம எப்படிப் போறது? ஏதாவது பண்ணுங்க" என்றாள். நான் வாயைத் தைத்துக்கொள்வதாகச் சத்தியம் செய்தவன், தையலைப் பிரித்தேன். காதில் பென்சில் செருகிக்கொண்டு நின்ற மேஸ்திரியிடம் போய், "அண்ணே, நாங்க தளபதியோட வாரிசுங்க. இவ்வளவு தூரம் வந்துட்டோம், தாத்தா முகத்தை ஒரு தடவை கிட்டத்துல பார்த்துட்டுப் போயிடறோம்" என்று தழுதழுத்தேன். அவர் எங்களை வரிசையாகப் பார்த்தார். என் மூக்கில் வந்து ஒரு கணம் நின்றார். "நீங்களா?" "நான் இல்லீங்க, என் வீட்டுக்காரி." அவள் மூக்கைப் பார்த்ததும் அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "ரெண்டு பேர் ஏறலாம். தலைக்குத் தொப்பி போட்டுக்கணும், எதையும் பிடிச்சு இழுக்கக் கூடாது" என்று இரண்டு மஞ்சள் தொப்பிகளை எடுத்துக் கொடுத்தார். உங்கள் தங்கை காட்டுவதற்கும் சம்பந்தியம்மா பார்ப்பதற்குமாக இரண்டு பேரும் சாரத்தில் ஏறினார்கள். மேலே போனதும் உங்கள் தங்கை, மூக்குக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று கண்ணாடியைக் கழற்றித் தளபதியின் வாள் பிடியில் மாட்டிவிட்டு, அவர் கன்னத்தோடு தன் கன்னத்தைச் சேர்த்து, பக்கவாட்டில் திரும்பி நின்றாள். "இப்பப் பாருங்க. எப்படி?" என்று அவள் கேட்டது கீழே வரைக்கும் கேட்டது.

சம்பந்தியம்மா மூக்கைப் பார்க்கவே இல்லை மச்சான். அவர் பார்த்தது காதை. தளபதியின் இடது காது மடலில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கிறதாம், நாம் யாராவது காதைப் பார்த்திருக்கிறோமா? அந்த வெட்டில் தன் கட்டைவிரலை வைத்தார், அது கச்சிதமாகப் பொருந்தியது. அவ்வளவுதான், "தாத்தா!" என்று ஓர் அலறல். உங்கள் தங்கைக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "ஆமாங்க, தாத்தாதான்!" என்றாள். "ஐயோ, இது எங்க தாத்தாங்க!" "எங்க தாத்தாங்க!" "இல்லீங்க, எங்க தாத்தா!" கீழே நின்ற எங்களுக்குத் தாத்தா தாத்தா என்ற சத்தம் மட்டும்தான் விழுந்துகொண்டிருந்தது. சம்பந்தி என் தோளைத் தட்டி, "பாருங்க சார், ரெண்டு பேரும் எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கிட்டாங்க" என்று சந்தோஷப்பட்டார்.

இறங்கி வந்து சம்பந்தியம்மா அழுதுகொண்டே சொன்னதைக் கேளுங்கள். அவருடைய தாத்தா குடை வியாபாரி. கடைக்கு மாடியில் ஒரு சிற்பி குடியிருந்திருக்கிறார். போரில் மாண்ட தளபதிக்குச் சிலை வைக்கச் சொல்லி அந்தச் சிற்பிக்கு வேலை வந்திருக்கிறது, ஆனால் தளபதிக்கு ஒரு படம்கூட இல்லை. சிற்பி நாள் முழுக்க யோசித்துவிட்டுக் கீழே இறங்கி வந்து, குடைக்குத் துணி தைத்துக்கொண்டிருந்த தாத்தாவின் முகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். "எங்கயோ ஒரு சதுக்கத்துல நான் குதிரை மேல உட்கார்ந்திருக்கேன்டி"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம் தாத்தா. எந்தச் சதுக்கம் என்று சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். முகம் இவருக்கு நினைவில்லை, அத்தனை சின்ன வயது. ஆனால் அவர் தோளில் உட்கார்ந்து போகும்போது பிடித்துக்கொள்வது அந்தக் காதைத்தான். குடைக்கம்பி கிழித்த வெட்டு, கட்டைவிரல் வைக்க அளவெடுத்தது போல இருக்குமாம். சொல்லிவிட்டுக் கட்டைவிரலைப் பார்த்தார், திரும்பவும் அழுதார். எனக்கே கண் கலங்கிவிட்டது. நல்ல கதை, அழகாக முடிந்தது என்று கைக்குட்டையை எடுத்தேன். அப்போதுதான் சம்பந்தி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"இருங்க, இருங்க. அந்த மூக்கை எங்க பார்த்தாலும் எங்க ரத்தம்னு இவங்க வழியெல்லாம் சொல்லிட்டு வந்தாங்க. அந்த மூக்கு இருக்கிறது என் வீட்டுக்காரியோட தாத்தா முகத்துல. அப்போ இவங்களும் அவருக்குப் பேத்தி. அப்போ இவங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி. அக்கா தங்கச்சி பிள்ளைங்கன்னா..." எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். சற்றுத் தள்ளி, ஒரே பாப்கார்ன் பொட்டலத்துக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள் குட்டியும் பையனும். மின்சாரம் அடித்தது போல இரண்டு கையும் வெளியே வந்தது. பொட்டலம் கீழே விழுந்தது. அந்தச் சதுக்கத்தில் அந்த நிமிஷம் சந்தோஷமாக இருந்தவை புறாக்கள் மட்டும்தான். சம்பந்தியம்மா அழுகையை நிறுத்திவிட்டு, "அண்ணன் தங்கச்சி முறை வருதுங்களே!" என்றார். உங்கள் பாட்டி எப்போதாவது குடை வாங்கப் போனார்களா என்று யாரும் கேட்கவில்லை மச்சான், எல்லோரும் நாகரிகமானவர்கள். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தார்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். இப்போதும் பீடத்தில்தான் சாய்ந்து நின்றிருந்தேன். நகர்ந்தால் பின்னால் "மணமாகாமலே" தெரிந்துவிடும், நகராவிட்டால் முன்னால் கல்யாணம் போய்விடும். குட்டி அம்மாவைப் பார்த்து "அம்மா" என்றாள். ஒரே ஒரு தடவைதான், அதுவும் சத்தமே வராமல். உங்கள் தங்கை தன் மூக்கின் மேல் கையை வைத்துக்கொண்டாள். அந்த மூக்கை அவள் எப்படி வைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத்தான் தெரியும். மழையில் அதற்குத்தான் முதலில் குடை, புகைப்படத்தில் அதற்குத்தான் முதலில் வெளிச்சம், சண்டை வந்தால் அதைத் தூக்கிக்கொண்டுதான் அடுத்த அறைக்குப் போவாள். கையை எடுத்தாள். "அந்த மூக்கு எங்க மூக்கு இல்லீங்க" என்றாள்.

"என்னங்க சொல்றீங்க?"

"எங்களுக்கும் அவருக்கும் ஒண்ணும் இல்லீங்க. எங்க தாத்தா படையில சமையல்காரர். போருக்குப் போனவர் திரும்பி வரலைங்கிறது நெஜம்தான். சண்டையில சாகலை, வேற ஊர்ல ஹோட்டல் வெச்சுட்டாரு. இந்த மூக்குக் கதையெல்லாம் எங்க அப்பா ஆரம்பிச்சு எங்க அண்ணன் ஊதிவிட்டது. எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே தெரியும்."

மச்சான், நான் வழுக்கிக்கொண்டே போய்ப் பீடத்தடியில் உட்கார்ந்துவிட்டேன், வரி பளிச்சென்று தெரிந்தது, யாரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை. சமையல்காரர்! ஹோட்டல்! இத்தனை வருஷமாக என் சமையலை உப்புக் குறைவு காரம் குறைவு என்று உங்கள் வீட்டில் எல்லோரும் குறை சொன்னீர்களே, அது பரம்பரை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சம்பந்தி உடனே தொழில் முறையில் இறங்கிவிட்டார். உங்கள் தங்கையை வெளிச்சத்தில் நிற்க வைத்து இந்தப் பக்கம் இரண்டு தடவை, அந்தப் பக்கம் இரண்டு தடவை சுற்றி வந்தார், வலையை விலக்கித் தளபதியைப் பார்த்தார், கடைசியில், "இது வேற இனம்ங்க. கொஞ்சம்கூட ஒட்டலை. காலையிலேயே தோணுச்சு, வாயைத் திறக்கத்தான் கூச்சமா இருந்தது" என்று தீர்ப்புச் சொன்னார். சம்பந்தியம்மா உங்கள் தங்கையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பொண்ணுக்காக இவ்வளவு பெரிய பெருமையை நடுத்தெருவுல விட்டுக்குடுத்தீங்களே, இப்படிப்பட்ட வீட்டுல பொண்ணு எடுக்காம வேற எங்க எடுப்பேன்?" என்றார். டீக்கடையில் வைத்தே பேசி முடித்தாயிற்று. அடுத்த மாதம் நிச்சயம்.

ஆகவே மச்சான், இந்தச் சிறியவனின் தாழ்மையான வேண்டுகோள். பத்திரிகையில் "தளபதியின் வழித்தோன்றல்" என்று போடச் சொல்லி அனுப்பியிருந்தீர்களே, அதை எடுத்துவிட்டேன். நிச்சயத்துக்கு வரும்போது யாரைப் பார்த்தாலும் நேருக்கு நேர் பார்த்துப் பேசவும், பக்கவாட்டில் திரும்ப வேண்டாம். ஆல்பத்தைப் பரண் மேல் போட்டுவிடவும். மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை எழுந்தாலும் இரண்டு பிள்ளைகள் திரும்ப அண்ணன் தங்கச்சி ஆகிவிடுவார்கள். உங்கள் தங்கை நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, முகம் பார்க்கும் கண்ணாடி பக்கமே போகவில்லை. நீங்கள் வந்து அவளை ஒன்றும் சொல்லாதீர்கள். அவள் செய்ததைச் செய்ய அந்தப் பாலத்தில் நின்றவருக்கும் கொஞ்சம் தயக்கம் வந்திருக்கும்.

அக்காவுக்கு என் வணக்கம். பெரியவருக்கு முதுகுவலி தேவலையா என்று கேட்டதாகச் சொல்லவும், சின்னவனுக்கு என் ஆசி. உங்களுக்கு எப்போதும் போல் என் மரியாதை, இந்தத் தடவை கொஞ்சம் அனுதாபமும் சேர்த்து.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
பொத்தான் மாப்பிள்ளை

பி.கு.: மச்சான், மேலே எழுதியதை எல்லாம் படித்துவிட்டீர்களா? மறந்துவிடுங்கள். கடிதத்தை ஒட்டி, தபாலில் போடக் கிளம்பும்போதுதான் உங்கள் தங்கை மூக்குக் கண்ணாடியைத் தளபதியின் வாளிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. இன்று காலை நானும் குட்டியும் எடுக்கப் போனோம். ஊருக்குத் திரும்பும் முன் தாத்தாவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வந்திருந்தார்கள். மேஸ்திரி தளபதியின் தலையைக் கழுவி முடித்திருந்தார். காது அப்படியே இருக்கிறது, வெட்டும் இருக்கிறது. மூக்கைக் காணோம். வருஷா வருஷம் அணிவகுப்புக்கு முந்தின நாள் அவசர அவசரமாகப் பூசுவார்களாம், அந்தப் பெயிண்டெல்லாம் வழிந்து வழிந்து மூக்கு நுனியில் வந்து கட்டிதட்டிப்போனதாம், மிச்சத்தைப் புறாக்கள் பார்த்துக்கொண்டனவாம். உளியால் லேசாகத் தட்டினாராம், நாம் மூன்று தலைமுறையாக "ஆஹா" சொன்ன மூக்கு முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அதை எனக்கும் காட்டினார், ஒரு வாளியில் கிடந்தது. அதற்கு உள்ளே குடை வியாபாரியின் சொந்த மூக்கு இருந்தது. சின்னதாக, உருண்டையாக, பொத்தான் தைத்த மாதிரி. சம்பந்தியம்மா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். சம்பந்தி வந்து என் தாடையைப் பிடித்து, கன்றுக்குட்டியைத் திருப்புவது போலப் பக்கவாட்டில் திருப்பி, மேலே பார்த்தார், கீழே பார்த்தார், "ஆஹா" என்றார். எனக்கு மூச்சே நின்றுவிட்டது, இந்தத் தடவை நிஜமாகவே. கல்யாணம் திரும்பவும் போயிற்று என்று குட்டியைப் பார்த்தேன். ஆனால் சம்பந்தியம்மா கணக்குப் போட்டு முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து "அண்ணா!" என்றார். "அண்ணன் பொண்ணை எடுக்கறேன், என் பையனுக்கு மாமன் மகள்! முறை கழுவினாப்ல வந்துடுச்சு பாருங்க!" என்று குட்டியின் மூக்கைப் பிடித்துக் கொஞ்சினார். வீட்டுக்கு வந்து சொன்னதிலிருந்து உங்கள் தங்கை எனக்கு முதலில் பரிமாறுகிறாள். நிச்சயத்துக்கு வரும்போது ஆல்பத்தையும் கேமராவையும் மறக்காமல் எடுத்து வரவும். சதுக்கத்துக்குப் போகிறோம், நான் பக்கவாட்டில் நிற்பேன், நீங்கள் மேலேயும் கீழேயும் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லவும். சொன்னால்தான் டீ.

ஒரே ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. எங்கள் அப்பா பிறந்த ஊர் மழையே பார்க்காத ஊர். அந்த வீட்டில் ஆணிக்கு ஒன்றாக எப்போதும் ஆறு குடை தொங்கும். ஏன் என்று நான் இதுவரை யோசித்ததே இல்லை.